தொப்பிக் குருவியும் தோல் காக்கையும்

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில், பம்பாயில் ஆபீசுக்குப் போன எங்களைப் போன்ற பெண்களுக்குப் புரூச் ஒரு பைத்தியமாகவே இருந்தது. சேலை மடிப்பை இடது தோளில் பிடித்து நிறுத்த ஒரு சாதாரண ஊக்கு போதும். ஆனால் ஊக்கைப் பார்த்து யாரும் "எங்கே வாங்கினே?" என்று கேட்க மாட்டார்கள். அந்தக் கேள்விக்காகத்தான் புரூச்.

நான் மாதுங்காவில் அண்ணா வீட்டில் இருந்துகொண்டு, கோட்டைப் பகுதியில் ஒரு ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். கழுத்துச் சங்கிலியும் கை வளையலும் வீட்டுச் சொத்து. அம்மா போட்டது, அண்ணாவின் பொறுப்பில் இருப்பது, என் கல்யாணத்துக்கு ஆகும் என்று எடுத்து வைத்தது. புரூச் மட்டும்தான் முழுக்க என்னுடையது. கடையில் ஒரே அச்சில் வார்த்துக் குவித்திருந்தவை எனக்குப் பிடிக்கவில்லை. யாராவது ஒருவர் உட்கார்ந்து கையால் செய்ததாக இருக்க வேண்டும். அவர் யார், எங்கே உட்கார்ந்து செய்கிறார் என்று தெரிந்துகொண்டால்தான் எனக்கு அது முழுதாக வாங்கியது போல் இருக்கும். தாதரில் ஒரு பார்சி அம்மாள் கிளிஞ்சல்களை ஒட்டிப் பூ செய்வாள். நாற்றம் போக அவற்றை எலுமிச்சைத் தோலோடு வேகவைப்பதாகச் சொன்னாள். கிர்காமில் ஒரு மராத்திக்காரர், விமான ஜன்னலில் போடுகிற பிளாஸ்டிக் என்று சொல்லி ஏதோ ஒன்றை அரத்தால் ராவி நட்சத்திரம் பண்ணுவார். எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் பஞ்சு விரித்து அடுக்கி வைத்திருந்தேன்.

என் பக்கத்து மேஜையில் டைப் அடித்தவள் பாலக்காட்டுப் பக்கத்துப் பெண். அவளும் மாதுங்காதான். காலையில் இரண்டு பேரும் ஒரே ரயில், லேடீஸ் டப்பாவில் ஒரே ஜன்னல். அவளுக்கு இந்தப் பைத்தியத்தைப் பிடித்து வைத்தது நான். பார்சி அம்மாளிடம் அவளைக் கூட்டிக்கொண்டு போனதும் நான்தான். கொஞ்ச நாளில் என்னை மிஞ்சிவிட்டாள்.

மிஞ்சிவிட்டாள் என்பது எனக்கு எப்போது உறைத்தது என்றால், ஒரு திங்கட்கிழமை அவள் தோளில் ஒரு குருவி உட்கார்ந்திருந்தபோது. கம்பளியை அழுத்திச் செய்த கெட்டித் துணியில் வெட்டிய குருவி. பழுப்பும் சாம்பலுமாக நாலைந்து நிறத் துணிகள், ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறகாகியிருந்தன. தலையை ஒரு பக்கம் சாய்த்து, யார் பேச்சையோ ஒட்டுக்கேட்கிற மாதிரி இருந்தது. வண்டி பரேல் தாண்டும் வரை நான் வேண்டுமென்றே வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

"எங்கே வாங்கினே?"

"தெரிஞ்ச ஒருத்தியாக்கும் பண்ணித் தந்தா."

"யாரு?"

"அதைச் சொல்லப்படாது, கேட்டயா."

இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். வயிற்றில் யாரோ கரித்துண்டைப் போட்ட மாதிரி இருந்தது. அன்றைக்கு நான் அடித்த காகிதங்கள் எல்லாவற்றிலும் பிழை. பெரிய குமாஸ்தா கூப்பிட்டு உடம்பு சரியில்லையா என்று கேட்டார். தலைவலி என்றேன். பக்கத்து மேஜையில் அந்தக் குருவி தலையைச் சாய்த்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது.

என் முறை மழைக்காலம் ஆரம்பிப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பே வந்தது. அண்ணாவின் ஆபீஸ் பையில் கைப்பிடி அறுந்துவிட்டது. மாதுங்கா ஸ்டேஷனுக்கு வெளியே பை, பெட்டி தைத்துக்கொடுக்கும் ஒருவர் உட்கார்ந்திருப்பார். தாராவியிலிருந்து வருகிறவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பையைக் கொடுக்கப் போனபோது, அவர் பின்னாலிருந்த சுவரில் ஆணியில் ஒரு சிவப்புச் செம்பருத்தி தொங்கியது. தோலில் வெட்டியது. இதழ் ஓரம் நிஜப் பூவைப் போலவே லேசாகச் சுருண்டிருந்தது.

"இது யார் செய்தது?"

"நம்ம வீட்டுப் பொம்பள வெட்டுனதும்மா. மிச்சத் துண்டு விழும்லா, அதுல எதையாவது வெட்டிக்கிட்டு இருப்பா. பை வாங்குதவங்க யாராவது கேட்டா அதுல தச்சுக் குடுப்பேன்."

அவளைப் பார்க்க வேண்டும் என்றேன். மறு ஞாயிற்றுக்கிழமை அவளை ஸ்டேஷனுக்கு அழைத்துவந்தார். என்னைவிடக் கொஞ்சம் பெரியவள். ஒல்லி, கண் மட்டும் பெரிது. கை விரல்களில் சாயம் ஏறியிருந்தது. அவளை 'நீ' என்பதா 'நீங்க' என்பதா என்று எனக்குத் தெரியவில்லை. முதல் சில தடவை எந்தச் சொல்லும் வராதபடி வாக்கியத்தை வளைத்து வளைத்துப் பேசிச் சமாளித்தேன். செம்பருத்திக்குப் பின்னால் ஒரு ஊக்கு வைத்துத் தர முடியுமா, அதற்குப் புரூச் என்று பெயர் என்றேன். புரூச் என்ற சொல்லை அவள் முதலில் கேட்டது என் வாயிலிருந்துதான். இதை நான் ரொம்ப நாள் மறக்கவில்லை. எனக்குள் அவளுக்குத் தோல்பூக்காரி என்று பெயர் வைத்தேன். அவள் என் ஆள் என்றும் தீர்மானித்துக்கொண்டேன்.

செம்பருத்தியோடு வீட்டுக்குப் போனதும் மன்னி கூடத்திலேயே நிறுத்திவிட்டாள்.

"இது என்னடி?"

"புரூச் மன்னி. தோல்ல பண்ணினது."

"தோலையா தோள்ல குத்திண்டு நிக்கறே? சுவாமி உள் பக்கமே வராதே. கழட்டி வெளியில வை."

அதனால் செம்பருத்தி மட்டும் பிஸ்கட் டின்னுக்குள் போகாமல் வாசல் மாடத்தில் செருப்புகளுக்கு மேலே குடியிருந்தது. காலையில் படியிறங்கும்போது எடுத்துக் குத்திக்கொள்வேன்.

முதல் நாள் ரயிலில் என் சிநேகிதி அதைப் பார்த்தாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நானும் அவள் திரும்புவதற்காகக் காத்திருந்தேன். பைகுல்லாவில் திரும்பினாள்.

"எங்கேயாக்கும்?"

"தெரிஞ்ச ஒருத்தி பண்ணிக் கொடுத்தா."

அந்தப் பதிலைச் சொன்னபோது கிடைத்த சுகத்தை இன்று நினைத்தாலும் நாக்கில் இனிக்கிறது. அவள் முகத்தில் அது அப்படியே இறங்கியதைப் பார்த்தேன். நான் பல வாரமாகச் சுமந்திருந்த கரித்துண்டு கைமாறிவிட்டது.

ஆனால் குருவியை என்னால் மறக்க முடியவில்லை. தோல்பூக்காரியிடம் ஒருநாள் அதைப் பற்றிச் சொன்னேன். துணியில் இறகு அடுக்கியிருப்பதையும், ஒரு தையல்கூட வெளியே தெரியாததையும் சொல்லச் சொல்ல, அவள் கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்துவிட்டாள்.

"தையலே தெரியலியா?"

"தெரியலை."

"அது எப்பிடி? பசை வச்சு ஒட்டிருப்பாவ."

"இல்லை. நான் தொட்டுப் பார்த்தேன். தச்சதுதான்."

அவள் முகம் மாறியது. அந்த முகத்தை எனக்குத் தெரியும். என் கண்ணாடியில் அதைப் பார்த்திருக்கிறேன். "யாரு அவ?" என்றாள். தெரியாது என்றேன். "தெரிஞ்சிட்டு வாங்க. எனக்கு அதப் பாக்கணும். பாத்தாத்தான் உறக்கம் வரும்."

வேறு வழியில்லாமல் நான்தான் இறங்கி வந்தேன். ஆபீஸில் டீ நேரத்தில் சிநேகிதியிடம் பேரம் பேசினேன். நீ உன் ஆளைக் காட்டு, நான் என் ஆளைக் காட்டுகிறேன் என்று. அவள் உடனே ஒப்புக்கொண்டாள். அவளும் உறங்கவில்லை போலிருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை ஆபீஸ் அரை நாள். முதலில் தாராவிக்குப் போனோம். நான் அதுவரை தோல்பூக்காரியை ஸ்டேஷனில்தான் பார்த்திருந்தேன். அவள் இருக்கும் இடத்துக்குப் போனதில்லை. பதனிட்ட தோல் வாசனை தெருமுனையிலேயே வந்து முகத்தில் மோதியது. நான் முந்தானையால் மூக்கை மூடினேன். என் சிநேகிதி மூடவில்லை. ஒரே அறைக் கோலி அது. கதவருகே வெளிச்சம் விழும் இடத்தில் கோணிப்பை விரித்து, நிறவாரியாகத் தோல் துண்டுகளைக் குவித்து வைத்திருந்தாள். நான் நின்றுகொண்டிருக்க, என் சிநேகிதி பொத்தென்று அந்தக் கோணியிலேயே உட்கார்ந்தாள்.

"அக்கா, இந்த மஞ்சள் எங்கேர்ந்து? சாயம் நீங்களே போடறேளா?"

அக்கா! நான் மாதக்கணக்கில் ஒரு சொல்லைத் தேடிக்கொண்டிருந்தேன். அவள் வந்த நிமிஷத்தில் எடுத்துப் போட்டுவிட்டாள். தோல்பூக்காரி சிரித்தாள். அவள் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. சாயம் போடும் விதத்தைச் சொன்னாள், மழையில் தோலில் பூஞ்சை படிவதைச் சொன்னாள், கல்யாணமாகி ஊரிலிருந்து வந்த புதிதில் பொழுது போகாமல் வெட்ட ஆரம்பித்ததைச் சொன்னாள். எல்லாம் எனக்கும் புதுச் செய்தி. நான் கேட்டதில்லை. அன்றிலிருந்து நானும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். ஆனால் இரண்டாவதாகக் கூப்பிட்டவள்.

அங்கிருந்து மூன்று பேரும் கிளம்பி, ரயிலும் டிராமும் மாறிக் கொலாபாவுக்குப் போனோம். ஒரு பழைய கட்டடத்தின் மேல் மாடியில், குருவியைச் செய்தவள் இருந்தாள். வெள்ளைக்கார அம்மாள். யூதப் பெண் என்பதால், யுத்தம் மூளுவதற்கு முன்பே வியன்னாவிலிருந்து உயிர் தப்பி வந்தவள். அங்கே பெரிய கடையில் பெண்களுக்குத் தொப்பி செய்துகொண்டிருந்தவள். இங்கே அவள் செய்கிற தொப்பியை யார் போடுவார்கள்? அதனால் சோர் பஜாரில் ஆண்களின் பழைய தொப்பிகளை வாங்கி, துவைத்து, நீராவியில் காட்டி நிமிர்த்தி, அவற்றை வெட்டிப் பறவைகள் செய்தாள். அறை முழுக்கத் தொப்பிகள். சுவரில், நாற்காலியில், கட்டிலில். யாரோ பல பேர் வந்து தலையை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டது போல.

அவள் இங்கிலீஷ் எங்கள் இங்கிலீஷைவிடக் கரடுமுரடு. நான்தான் இரண்டு பக்கமும் மொழிபெயர்க்கத் தயாராக நின்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. தோல்பூக்காரி மேஜைமேல் இருந்த ஒரு மைனாவை எடுத்தாள். அதன் முன்பக்கத்தை அவள் பார்க்கவேயில்லை. நேராகத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். அதே சமயம் அந்த அம்மாள் என் தோளிலிருந்த செம்பருத்தியை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ஊக்கைத் திறந்து கழற்றினாள். அவளும் திருப்பினாள். இரண்டு பேரும் ஜன்னல் பக்கம் நகர்ந்தார்கள். தோல்பூக்காரி மைனாவை ஒரு இடத்தில் நகத்தால் சுரண்டினாள். அந்த அம்மாள் ஓர் இதழை மடக்கிப் பார்த்தாள். அவள் ஊசியை எடுத்து, தையலைத் துணியின் கனத்துக்குள்ளேயே ஓட்டிக் காட்டினாள். இவள் தோலின் ஓரத்தைச் சீவி மெல்லிசாக்கிச் சுருட்டும் விதத்தை விரலால் காற்றில் காட்டினாள். இரண்டு முகத்திலும் சிரிப்பில்லை. சண்டைக்கு முன்னால் ஒருவரை ஒருவர் அளக்கிற மாதிரி இருந்தது.

நானும் என் சிநேகிதியும் தொப்பிகளுக்கு நடுவே கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தோம். எங்களை அவர்கள் மறந்தே போனார்கள். வாங்குகிறவர்கள் நாங்கள், நாங்கள் இல்லாவிட்டால் இவர்கள் சந்தித்திருக்கவே மாட்டார்கள். இப்படி நினைத்துச் சமாதானம் தேடினேன். கிடைக்கவில்லை. அந்த ஜன்னலோரத்தில் நடந்ததில் எனக்கு ஒரு விரல் அகல இடம்கூட இல்லை. யாரைப் பார்த்துப் பொறாமைப்படுவது என்றே அன்று தெரியவில்லை; அந்த அம்மாளைப் பார்த்தா, தோல்பூக்காரியைப் பார்த்தா, இரண்டு பேருக்கும் நடுவே ஓடிய அந்த ஊசியைப் பார்த்தா?

திரும்பும்போது தோல்பூக்காரி டிராமில் தன் விரல்களையே விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டு வந்தாள். ரயிலில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் சொன்னாள்.

"என் கையவிட அந்தம்மா கை நல்ல கை. எனக்கு எரியுது."

இவ்வளவு வெளிப்படையாக ஒருவர் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. நாங்கள் இரண்டு பேரும் மாதக்கணக்கில் சுமந்ததை, பெயர்கூடச் சொல்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பி மறைத்ததை, அவள் காய்கறி விலை சொல்கிற மாதிரி சொல்லிவிட்டாள்.

"உங்க பூவும் நன்னாத்தானே இருக்கு" என்றேன்.

"சும்மா இருங்கம்மா" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் பூ வெட்டவேயில்லை. ஸ்டேஷனில் அவள் கணவரிடம் கேட்டால், "ராவும் பகலும் என்னத்தையோ வெட்டுதா, தூரப் போடுதா. நல்ல தோலையும் எடுத்து வெட்டிருதா. சோறு பொங்க மறந்துருதா" என்பார். மழைக்காலம் வந்து போனது. நடுவில் அண்ணாவுக்கு டைபாய்டு வந்து, நான் ஆபீஸ், ஆஸ்பத்திரி என்று அலைந்ததில் தாராவிப் பக்கம் போகவில்லை.

தீபாவளி முடிந்து ஒரு திங்கட்கிழமை, ரயிலில் என் சிநேகிதியின் தோளில் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது.

கருப்புத் தோல். ஒரே கருப்பு அல்ல. பளபளப்பானதும், மங்கலானதும், கொஞ்சம் நீலம் ஓடியதுமாகப் பல கருப்பு. இறக்கை உடம்பிலிருந்து லேசாகத் தூக்கியிருந்தது, இதோ பறக்கப் போகிற மாதிரி. கண்ணுக்கு, பூட்ஸில் கயிறு கோக்கும் துளையில் அடிக்கிற பித்தளை வளையம். தையல் எங்கேயும் தெரியவில்லை. எங்கள் பால்கனிக் கம்பியில் வந்து உட்கார்ந்து மன்னியைப் பாடாய்ப் படுத்துகிற பம்பாய்க் காக்கை அப்படியே. தலையில் அதே திமிர்.

"எப்போ?" என்றேன்.

"நேத்து. அக்கா கொடுத்தா."

"நேத்தா? தனியா போனியா?"

"ஞாயித்துக்கிழமை தோறும் போறேனே. உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. அண்ணா படுக்கையில் கிடந்த வாரங்கள் முழுக்க அவள் அங்கே போய்க் கோணியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் கண்டுபிடித்த ஆள். புரூச் என்பதே நான் சொல்லிக்கொடுத்த சொல். அன்று மசூதி பந்தர் வருவதற்குள் என் வாயில் என்னென்னவோ வந்தது. கடைசியில் "திருடி" என்றும் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த குஜராத்திப் பெண்கள் தங்கள் பைகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். மறுநாளிலிருந்து நான் வேறு டப்பாவில் ஏறினேன்.

அந்த வாரமே ஆபீஸ் முடிந்து நேராகத் தாராவிக்குப் போனேன். இந்தத் தடவை மூக்கை மூடத் தோன்றவில்லை. கோபத்தில் வாசனை தெரியவில்லை. தோல்பூக்காரி அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தாள்.

"காக்காயை ஏன் எனக்கு முதல்ல காட்டலை?"

அவள் ஊதுவதை நிறுத்தாமலே பதில் சொன்னாள். "உங்களுக்குக் காட்டுனா நல்லாருக்குன்னு சொல்லுவிய. என்னத்தக் காட்டுனாலும் அதத்தான் சொல்லுதிய. அந்தப் பிள்ள வந்து, இது கொக்கு மாதிரி இருக்கு, இது கோழி மாதிரி இருக்குன்னு ஒவ்வொண்ணாத் தள்ளிச்சு. எத்தனையோ தள்ளி, இதத்தான் காக்கான்னுச்சு. அதான் அதுக்கே குடுத்தேன்."

"எனக்கும் ஒண்ணு செஞ்சு கொடுங்கோ."

"இன்னொண்ணு செஞ்சா அது களவாண்டது மாதிரி இருக்கும்மா. உங்களுக்கு வேற யோசிக்கேன்."

யோசித்தாளோ என்னவோ, தரவில்லை. நானும் கேட்கவில்லை. என் பிஸ்கட் டின்னைத் திறக்கவே பிடிக்காமல் போயிற்று. உள்ளே இருந்தவை எல்லாமே காக்கை இல்லாதவை. எனக்கு அவ்வளவுதான் தெரிந்தது. பேசாமல் இருப்பது சுலபமும் இல்லை. பக்கத்து மேஜை. அவள் டைப்ரைட்டர் மணி அடிக்கிற ஒவ்வொரு தடவையும் எனக்குக் காக்கை கரைவது போலிருக்கும்.

யுத்தம் முடிந்து, கப்பல்கள் மறுபடி ஜனங்களை ஏற்றிக்கொள்ள ஆரம்பித்த சமயம். ஒருநாள் டீ நேரத்தில் என் சிநேகிதி எழுந்து என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"தொப்பிக்கார அம்மாள் போறா. ஆஸ்திரேலியாவில் அவ அண்ணனாக்கும் இருக்கறது. அக்காவைக் கூட்டிண்டு வரச் சொன்னா. நீயும் வா."

"என்னைக் கூப்பிட்டாளா?"

"இல்லை. நானாக்கும் கூப்பிடறேன்."

போனேன். அறையில் தொப்பிகள் இல்லாமல் சுவர் வெறிச்சென்று இருந்தது. பெட்டிகள் கட்டியாகிவிட்டன. அந்த அம்மாள் எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. நாங்கள் வாசலில் நுழைந்ததும் என் சிநேகிதி தோளிலிருந்த காக்கையைத்தான் பார்த்தாள். செம்பருத்தியைக் கேட்காமல் கழற்றியவள், இதைத் தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு தோல்பூக்காரியைப் பார்த்து, தன் கரடுமுரடு இங்கிலீஷில், இது என் பறவைகளைவிட நல்ல பறவை, எனக்குச் சந்தோஷமாக இல்லை என்றாள்.

இதை மட்டும் என்னை மொழிபெயர்க்கச் சொன்னார்கள். சொன்னேன். தோல்பூக்காரி அந்த அம்மாள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வருஷமாக வளைந்திருந்த ஏதோ ஒன்று அவள் முதுகில் நிமிர்ந்ததை நான் பார்த்தேன்.

அப்போது என் சிநேகிதி ஒரு காரியம் செய்தாள். காக்கையைத் தோளிலிருந்து கழற்றி அந்த அம்மாள் உள்ளங்கையில் வைத்தாள். "கொண்டு போங்கோ" என்று தமிழிலேயே சொன்னாள். அந்த அம்மாள் வேண்டாம் என்று சொல்லவில்லை. விரல்களை மூடிக்கொண்டாள். பிறகு பெட்டியைத் திறந்து, துணி வெட்டுகிற தன் நீளக் கத்தரியை எடுத்துத் தோல்பூக்காரிக்குக் கொடுத்தாள். என் சிநேகிதியைக் கன்னத்தில் முத்தமிட்டாள். எனக்குக் கை குலுக்கினாள்.

படியிறங்கும்போது எனக்கு இருந்த பொறாமை காக்கையைப் பற்றியது இல்லை. அது கப்பலேறிப் போகிறது, போகட்டும். என்னிடம் இருந்திருந்தால் நான் கொடுத்திருக்க மாட்டேன். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். இவளால் கொடுக்க முடிந்ததே என்பதுதான் எனக்கு எரிந்தது. அப்படி ஒரு கையை எங்கேயும் விலைக்கு வாங்க முடியாது. டிராமில் அவள் தோள் மடிப்பு நழுவி நழுவி விழுந்தது. என்னிடமிருந்த ஒரு சாதாரண ஊக்கைக் கொடுத்தேன். வாங்கிக் குத்திக்கொண்டாள். மறுநாள் நான் பழைய டப்பாவுக்கே திரும்பினேன்.

அடுத்த வருஷம் அவளுக்குக் கல்யாணமாகி டில்லிக்குப் போனாள். தோல்பூக்காரிக்கு அதற்கப்புறம் கை ஓடவில்லை. அந்த நீளக் கத்தரியை வைத்துக்கொண்டு பைக்கும் செருப்புக்கும் தோல் வெட்டிக் கொடுத்தாள். கேட்டதற்கு, "யாரப் பாத்து வெட்ட?" என்றாள். நான் போகும்போதெல்லாம் அவள் பழைய பூக்களைப் பார்த்து, இந்த இதழ் கோணல், அந்தக் காம்பு தடிமன் என்று சொல்லிப் பார்த்தேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். "உங்களுக்கு அது வராதும்மா" என்பாள்.

தேசம் பிரிந்து, சிந்து பக்கத்திலிருந்து ஜனங்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள். செம்பூரில் அவர்களுக்கு முகாம் போட்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மன்னி கதவைத் திறந்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். படியில் தோல்பூக்காரி மூச்சிரைக்க நின்றிருந்தாள். உள்ளே வாங்க என்றேன். வரவில்லை.

"செம்பூர் வரைக்கும் வாரியளா? ஒருத்தி இருக்கா. நேத்து அந்த முகாமுக்குச் செருப்புக் குடுக்கப் போன இடத்துல பாத்தேன். கண்ணாடி வச்சுத் தைக்கா. இத்தினியூண்டு கண்ணாடி. சட்டையில குத்துத மாதிரி வச்சிருக்கா. எனக்கு ராத்திரி முழுக்க எரிஞ்சுது."

அவள் கண் பழையபடி பெரிதாக இருந்தது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

முகாமில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், ஒரு கொட்டகை நிழலில், அந்தச் சிந்திப் பெண் உட்கார்ந்திருந்தாள். எங்கள் வயதுதான் இருக்கும். டப்பா மூடியை வளைத்து, அதன்மேல் சிவப்புத் துணியை இழுத்துக் கட்டி, துணியில் குட்டிக் குட்டிக் கண்ணாடிகளைப் பட்டு நூலால் பின்னிப் பிடித்திருந்தாள். எங்கிருந்து கண்ணாடி என்று தோல்பூக்காரி இந்தியில் கேட்டாள். இப்போது கேட்பதெல்லாம் அவள்தான். வரும் வழியில் உடைந்த முகம் பார்க்கும் கண்ணாடி, தூக்கிப் போட மனசில்லை என்றாள் அந்தப் பெண். முடித்து வைத்திருந்தது ஒன்றே ஒன்று. நடுவில் ஒரு கண்ணாடி, சுற்றி ஏழெட்டு. அதில் நான் ஏழெட்டாகத் தெரிந்தேன்.

என் வாழ்க்கையில் அதைப் போல ஒன்றைப் பார்த்ததில்லை. காக்கையைவிட எனக்கு அது பிடித்தது. நான் கைப்பையைத் திறந்தேன்.

அதற்குள் தோல்பூக்காரி அதை எடுத்துவிட்டாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்தப் பெண்ணுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாள். திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. நேராகத் தன் சேலைத் தோளில் வைத்து ஊக்கைப் போட்டுக்கொண்டாள். அடுத்தவர் தோளுக்கே செய்து கொடுத்தவள் தன் தோளில் குத்தி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அக்கா, எனக்கு வாங்கத்தானே கூட்டிண்டு வந்தேள்?"

"பாக்கத்தான் கூட்டியாந்தேன். பாத்தாச்சுல்லா?"

குர்லா போகும் வண்டியில் எதிரெதிரே உட்கார்ந்தோம். நான் அவள் தோளைப் பார்க்கக் கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பினேன். கொஞ்ச நேரத்தில் திரும்பி அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு தடவை கழட்டிக் கொடுங்கோ. பின்பக்கம் எப்படி இருக்குன்னு பார்த்துட்டுத் தரேன்."

"மாட்டேன்."

"ஒரு நிமிஷம்."

"நான் வீட்டுக்குப் போய் மொதல்ல பாத்துக்கிடுதேன்" என்றாள். "பெறவு ஞாயித்துக்கிழம வாங்க, காட்டுதேன்."

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஒரு முழு வாரம் இருந்தது.